பேய் மாதத்தின் மேல் பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு வணிகர் மனம் வெதும்பி எழுதியிருந்தார். வியட்நாமில் பணம் கட்டி வாங்கிய அன்னாசிப்பூ குறித்த தேதிக்கு மேல் ஒரு மாதம் ஆகியும் கப்பலேறவில்லையாம். கேட்டதற்கு, "இது பேய் மாதம், இப்போது சரக்கு அனுப்பினால் ஆகாது" என்று பதில் வந்ததாம். இந்த மாதிரி மூடநம்பிக்கைக்காரர்களோடு எப்படி வியாபாரம் செய்வது, நம் தூதரகம் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டாமா என்று கேட்டிருந்தார். நான் ஹனோயில் இருந்துகொண்டு பட்டையும் அன்னாசிப்பூவும் வாங்கி அனுப்புகிறவன். அவருடைய கோபம் புரிகிறது. ஆனால் அது தப்பான இடத்தில் பாய்கிறது.

பேய் மாதம் என்பது பொய்யில்லை. சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நம் கணக்கில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். அந்த மாதத்தில் நரகத்தின் கதவு திறந்து, சோறு போட ஆளில்லாத ஆவிகள் தெருவில் அலையும் என்பது நம்பிக்கை. முழு நிலவை ஒட்டிய நாட்களில் ஹனோயில் சாயங்காலம் நடந்து பார்த்தால் தெரியும். கடை வாசலில் சின்ன மேசை போட்டு, நீர்த்த அரிசிக் கஞ்சி, பொரி, மிட்டாய், உப்பு, அரிசி எல்லாம் வைத்து ஊதுபத்தி ஏற்றியிருப்பார்கள். காகிதத்தில் செய்த உடையும் பணமும் தகரப் பெட்டியில் எரியும். கடைசியில் உப்பையும் அரிசியையும் அள்ளித் தெருவில் வீசுவார்கள். மாதத்தின் முதல் பாதியில்தான் இந்தப் பயம் அதிகம். அதே முழு நிலவு நாள் தாய் தகப்பனை நினைக்கும் வூ லான் நாளும்கூட. அன்று புத்தர் கோயிலுக்குப் போனால், தாய் இருப்பவர்கள் சிவப்பு ரோஜாவும் தாயை இழந்தவர்கள் வெள்ளை ரோஜாவும் சட்டையில் குத்தியிருப்பதைப் பார்க்கலாம்.

சரி, இந்த மாதத்தில் எது நிற்கும், எது நிற்காது? இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். புதிதாகத் தொடங்குவது நிற்கும். கல்யாணம் நிற்கும். புது வீடு, புதுக் கார் வாங்குவதைத் தள்ளிப் போடுவார்கள், கார் விற்பவர்கள் தள்ளுபடி அறிவித்துக் கூவுவார்கள். கடை திறப்பு நடக்காது. முன்பின் தெரியாதவரோடு முதல் ஒப்பந்தம் போடச் சிலர் தயங்குவார்கள். ஆனால் ஏற்கெனவே கையெழுத்தாகி, முன்பணமும் வாங்கிய சரக்கு நிற்காது. ஹை போங் துறைமுகத்தில் கிரேன் ஓடும், சுங்க அலுவலகம் திறந்திருக்கும், லாரி ஓட்டுநர் வண்டியின் முன் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் புறப்பட்டுவிடுவார். அன்னாசிப்பூவின் பெரிய அறுவடையே சீன எல்லையை ஒட்டிய லாங் சொன் மாகாணத்து மலைகளில் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் நடக்கிறது. பேய்க்குப் பயந்து பூவை மரத்திலேயே விட்டுவைத்தால் அந்த மாகாணமே பட்டினி கிடக்கும்.

என்னிடமும் ஒரு விற்பனையாளர் இதே பாட்டைப் பாடினார். அதே வாரம் அவருடைய கிடங்கிலிருந்து லாரிகள் வடக்கே எல்லையை நோக்கிப் போனதை அவருக்கு மூட்டை தைத்துக் கொடுக்கும் பெண்மணியே எனக்குச் சொன்னார். எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சீன வாங்குபவர்கள் விலை கூட்டிக் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம். இதில் வேடிக்கை என்னவென்றால், சீனத்திலும் அதே ஏழாம் மாதம் பேய் மாதம்தான்! இந்தியாவுக்கு அனுப்பினால் கோபப்படும் ஆவி சீனாவுக்கு அனுப்பினால் கண்டுகொள்ளாது போலிருக்கிறது. உங்கள் வாசகருக்கும் இதேதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவரை ஏமாற்றியது மூடநம்பிக்கை அல்ல. உலகம் முழுக்க இருக்கிற, விலை ஏறினால் வார்த்தை மாறும் சாதாரண வியாபாரத் தந்திரம். வெளிநாட்டுக்காரருக்கு இந்த ஊர் நம்பிக்கைகள் அரைகுறையாகத்தான் தெரியும் என்பது அவர்களுக்கு வசதியான சாக்காக இருக்கிறது.

உண்மையாக நம்புகிறவர் எப்படி நடந்துகொள்வார் என்பதையும் சொல்கிறேன். யென் பாய் பக்கத்தில் (இப்போது அதை லாவ் காய் மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள்) பட்டை விற்கும் ஒருவரோடு முதன்முதலாகப் பேச உட்கார்ந்தபோது, என் வங்கி விவரத்தைக் கேட்பதற்கு முன்பே நான் பிறந்த வருடத்தைக் கேட்டார். 1974 என்றேன். அவர் முகம் மாறியது. 1974 புலி வருடம். அவர் 1968இல் பிறந்தவர், குரங்கு. இங்குள்ள பன்னிரண்டு மிருகக் கணக்கில் புலியும் குரங்கும் நேருக்கு நேர் மோதும் ராசிகள். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஒருவருக்கு நஷ்டம் நிச்சயம் என்றார். வியாபாரம் அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு தேநீரைக் குடித்தேன். அவரோ உள்ளே போய் மனைவியை அழைத்துவந்தார். அந்த அம்மா 1970, நாய் வருடம். புலி, குதிரை, நாய் மூன்றும் ஒத்துப்போகும் கூட்டணி. கம்பெனி சார்பில் அவர் கையெழுத்திடுவதாக முடிவாயிற்று. எந்த நாள் என்பதற்கு நாட்காட்டியைப் பார்த்தார்கள். இங்கே ஒரு நாளை இரண்டிரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து, அதில் நல்ல வேளை எது என்று குறித்து வைத்திருப்பார்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் என்று வந்தது.

இங்கே நம் வணிகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வியட்நாம் சட்டப்படி கம்பெனியின் சட்டப் பிரதிநிதியாகப் பதிவானவர்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியும். வேறு யார் போட்டாலும் எழுத்துப்பூர்வமான அதிகாரக் கடிதம் வேண்டும். ராசி பார்த்து மனைவியோ மருமகனோ கணக்குப்பிள்ளையோ கையெழுத்துப் போடும்போது சிரித்துக்கொண்டே சும்மா இருந்துவிடாதீர்கள். அதிகாரக் கடிதத்தை அப்போதே கேட்டு வாங்கி ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். நான் கேட்டபோது அவர்கள் கொஞ்சமும் சங்கடப்படவில்லை, ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தார்கள். நம்பிக்கையின் செலவை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள், எனக்கு ஒரு நாள்கூட வீணாகவில்லை. பேய் மாதத்தைக் காட்டி என்னைக் காக்க வைத்தவர் சரக்கு ஏற்ற வேண்டிய தேதி தாண்டிய பிறகுதான் ஆவியைப் பற்றிப் பேசினார். இந்தக் குரங்கு வருடத்துக்காரர் முதல் நாளே எல்லாவற்றையும் மேசையில் வைத்தார்.

கையெழுத்து முடிந்ததும் படம் எடுக்க நின்றோம். அந்த அம்மா, அவர் கணவர், நான். கேமரா பிடித்த பையன் எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டான். மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆயுசு குறையுமாம். வாசலில் இருந்த காவலாளியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி நான்காக்கினார்கள். அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அவரைத்தான் முதலாளி என்று நினைக்கிறார்கள். அவர்தான் நல்ல சட்டை போட்டிருந்தார்.

விருந்திலும் சில விஷயங்கள் உண்டு. கடலோரத்தில் முழு மீனைப் பரிமாறினால், ஒரு பக்கம் தின்று முடித்தபின் மீனைத் திருப்பிப் போடக் கூடாது. படகு கவிழும் என்று மீனவர்கள் நம்புகிறார்கள், லாரி ஓட்டுநர்களும் அப்படியே. நடுமுள்ளை மேலாக எடுத்துவிட்டுக் கீழ்ப் பக்கத்தைச் சாப்பிட வேண்டும். சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, அது செத்தவர்களுக்கு ஊதுபத்தி குத்துவது போலாகிவிடும். சந்திர மாதத்தின் முதல் சில நாட்களில் ஹனோய்க்காரரை விருந்துக்கு அழைத்தால் வாத்தும் கணவாயும் வேண்டாம். அதே வாத்தின் முட்டையை, உள்ளே குஞ்சு பாதி வளர்ந்த நிலையில் அவித்து, கெட்ட நேரம் கழிய வேண்டும் என்று சாப்பிடுகிறவர்களும் இதே ஹனோயில் இருக்கிறார்கள். ஒரு பேரம் கைவிட்டுப் போன அன்று நண்பர் ஒருவர் அதை எனக்கும் வாங்கித் தர வந்தார். நான் சைவம் இல்லை. இருந்தாலும் கெட்ட நேரமே பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

போணி விஷயத்தைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். ஹனோயின் டோங் சுவான் சந்தையில் காலையில் கடை திறந்ததும் வரும் முதல் ஆள் எப்படியோ, அன்றைய வியாபாரமும் அப்படி என்று கடைக்காரம்மாக்கள் நம்புகிறார்கள். முதல் ஆளாகப் போய், ஏழெட்டு மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, முகர்ந்து பார்த்து, பாதி விலைக்குக் கேட்டு, வாங்காமல் வந்தால் என்ன நடக்கும்? என்னோடு வந்த ஒரு வியாபாரிக்கு நடந்தது. நாங்கள் திரும்பி நடக்கும்போதே அந்த அம்மா ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கடை வாசலில் இப்படியும் அப்படியும் வீசினார், எங்களால் வந்த பீடை போக வேண்டும் என்று. நண்பர் அதை ஏதோ பூஜை என்று நினைத்துப் படமெடுக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்துவந்தேன். விலை விசாரிக்க மட்டும் போகிறீர்கள் என்றால் பத்து மணிக்கு மேல் போங்கள். வாங்குவது உறுதி என்றால் கடை திறக்கும்போதே நில்லுங்கள். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வராது, விலை இறங்கும். இதை நான் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்கிறேன். அவர்களுக்கும் இது தெரியும்.

அப்புறம் தெட், சந்திரப் புத்தாண்டு. இங்கே வியாபாரம் செய்கிறவருக்கு வருடத்தின் பெரிய மேடு பள்ளம் இதுதான், பேய் மாதம் அல்ல. புத்தாண்டு பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவர் யார் என்பதை வைத்து அந்த வருடத்து அதிர்ஷ்டம் அமையும். அதனால் ராசி பொருந்தியவரை முன்பே சொல்லி வைத்து வரவழைப்பார்கள். முதல் நாள் வாழ்த்துச் சொல்லலாம் என்று அழைப்பில்லாமல் வீடு தேடிப் போகவே கூடாது, வெளிநாட்டுக்காரர் என்ற சலுகையெல்லாம் கிடையாது. பழைய கடனை வருடம் முடிவதற்குள் தீர்த்துவிட வேண்டும், புத்தாண்டின் முதல் நாட்களில் பணம் வெளியே போகக் கூடாது. ஆகவே நமக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்கச் சரியான காலம் தெட்டுக்கு முந்தைய வாரங்கள்தான். அப்போது கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நாம் தர வேண்டியதையும் அதற்குள் தந்துவிட வேண்டும். விடுமுறை முடிந்து கடை திறக்கும் நாளையும் பார்த்துத்தான் வைப்பார்கள். அரசு விடுமுறை முடிந்தாலும், ஆறாம் நாளோ எட்டாம் நாளோ நல்லது என்று காத்திருக்கும் கிடங்குகள் உண்டு. திறந்த அன்று வேலையாட்களுக்குச் சிவப்பு உறையில் புது நோட்டு தர வேண்டும். அமெரிக்க இரண்டு டாலர் நோட்டு கிடைத்தால் அதற்குத் தனி மவுசு.

மாதாமாதம் வரும் ஒரு கணக்கும் இருக்கிறது. ஐந்து, பதினான்கு, இருபத்து மூன்று ஆகிய சந்திரத் தேதிகளில் சும்மா ஊர் சுற்றினாலே நஷ்டம், வியாபாரத்துக்குப் போனால் கேட்கவே வேண்டாம் என்று இங்கே ஒரு பழமொழி. இளைய தலைமுறை இதை அவ்வளவாக மதிப்பதில்லை, ஆனால் வயதான முதலாளிகள் பயணம் வைக்கமாட்டார்கள். நாட்காட்டி வாங்கும்போது வியட்நாம் நாட்காட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சீன நாட்காட்டி எப்போதும் பொருந்தாது. இரண்டு நாட்டு நேரத்துக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் என்பதால் அமாவாசை சில சமயம் வேறு தேதியில் விழும். 1985இல் வியட்நாம் சீனாவுக்கு ஒரு மாதம் முன்பே, ஜனவரி 21 அன்று, புத்தாண்டு கொண்டாடியது.

கம்யூனிஸ்ட் நாட்டில் இதெல்லாம் எப்படி என்று உங்கள் வாசகர் ஆச்சரியப்பட்டிருந்தார். அரசாங்கம் கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறது. மக்களின் வழிபாடு வேறு, மூடநம்பிக்கையைத் தொழிலாகச் செய்வது வேறு என்பது அவர்கள் கணக்கு. குறி சொல்வது, ஆவி இறக்குவது போன்றவற்றைத் தொழிலாகச் செய்து, ஏற்கெனவே தண்டிக்கப்பட்டும் விடாதவர்களுக்குக் குற்றவியல் சட்டத்தின் 320ஆம் பிரிவில் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. ஆனால் அதே அரசாங்கம்தான் 2023இல் கார் நம்பர் பலகைகளை இணையத்தில் ஏலம் விடத் தொடங்கியது. இங்கே எட்டு அதிர்ஷ்ட எண். எட்டு எட்டாக வரிசையாய் வரும் 51கே-888.88 என்ற ஒரு நம்பருக்கு முதல் ஏலத்தில் 3,200 கோடி டாங்குக்கு (வியட்நாம் நாணயம்) மேல் கேட்டார்கள். கேட்டவர் பணம் கட்டவில்லை. மறுபடி ஏலம் விட்டபோதும் 1,500 கோடி டாங்குக்கு மேல் போனது. 49, 53 என்று முடியும் நம்பரை இலவசமாகக் கொடுத்தாலும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பாக் நின்னில் பா சுவா கோ என்றொரு அம்மன் கோயில் இருக்கிறது, களஞ்சியத்தைக் காத்த பெண் தெய்வம். வருடத் தொடக்கத்தில் வியாபாரிகள் கூட்டம் கூட்டமாகப் போய் அம்மனிடம் "கடன்" வாங்குவார்கள். இவ்வளவு தொகை வேண்டும், இந்த வருடத்துக்குள் திருப்பித் தருகிறேன் என்று எழுதி வைத்து, காகிதப் பணம் படைத்து வேண்டிக்கொள்வது. வருடக் கடைசியில் மறுபடி போய்க் கடனைத் தீர்க்க வேண்டும், வட்டியோடு. டிசம்பர், ஜனவரியில் அந்தப் பாதையில் நிற்கும் கார்களைப் பார்த்தால், வங்கியை ஏமாற்றினாலும் இந்த அம்மனை ஏமாற்ற எவரும் துணியமாட்டார்கள் என்று தோன்றும். என் பட்டைக்காரர் ஒவ்வொரு வருடமும் போகிறார். நானும் கூடப் போயிருக்கிறேன், கடன் வாங்கவில்லை.

இங்கே வரும் நம்மவர்கள் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பதுதான் எனக்குத் தாங்கமுடிவதில்லை. ஹனோய் ஓட்டலில் உட்கார்ந்து வியட்நாம்காரர்களைக் கிண்டலடித்த அதே ஆள், அடுத்த நாள் ஒப்பந்தத்துக்குக் கிளம்பும்போது ராகு காலம் பார்த்தார். அதுவும் நம் ஊர் நேரப்படியா, ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடும் ஹனோய் நேரப்படியா என்று தெரியாமல், இரண்டையும் தவிர்த்துவிட்டு மதியம் போனார். இன்னொன்றையும் அவர்கள் பார்க்க வேண்டும். ஹோ சி மின் நகரத்தில் ட்ருவோங் டின் தெருவில், அந்தக் காலத்தில் நம் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்றைக்கு அங்கே வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். கருவறைக்குப் பின்னால் உள்ள கற்சுவரில் நெற்றியையும் உள்ளங்கையையும் அழுத்திக்கொண்டு தங்கள் வேண்டுதலை முணுமுணுக்கிறார்கள். கடை நன்றாக ஓட வேண்டும் என்று நம் அம்மனிடம் கேட்பவர்களை நாம் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. பட்டையின் ஈரப்பதம் ஒப்பந்தத்தில் எழுதியதற்கு மேல் இருந்து, மூட்டையில் பூஞ்சை பிடித்ததற்கு "கிடங்கு குடிபோனது நல்ல நாளில் இல்லை" என்று ஒருவர் காரணம் சொன்னார். ஊதுபத்தி ஏற்றுங்கள், அது உங்கள் விருப்பம், மூட்டையை மாற்றிக் கொடுங்கள் என்றேன். நாள் பார்ப்பதற்கு ஆகும் செலவில் பங்கு கேட்டாலும் தருவதில்லை. அதே போல் நம்பாததை நம்புவதாக நடிப்பதும் இல்லை. என் அலுவலகத்தில் செல்வச் சாமியும் தொப்பை வயிற்றோடு சிரிக்கும் பூமிச் சாமியும் தரையோடு இருக்கும் சின்ன மாடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை வைத்தவர் என் கணக்காளர் அம்மா. தினமும் காலையில் சூடான காபி வைக்கிறார். வாடகை மட்டும் நான் கட்டுகிறேன்.

உங்கள் வாசகருக்கு என் யோசனை இதுதான். தூதரகத்தைக் கேட்பதற்குப் பதில் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள். சரக்கு ஏற்றும் கடைசித் தேதியை ஆங்கிலத் தேதியிலும் சந்திரத் தேதியிலும் எழுதுங்கள். ஏழாம் மாதமோ தெட்டோ குறுக்கே வந்தால் எத்தனை நாள் தள்ளலாம் என்பதை முதலிலேயே அவரைச் சொல்லச் சொல்லி அதையும் எழுதுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு வாரத் தாமதத்துக்கும் விலையில் இத்தனை சதவீதம் கழிவு என்று போடுங்கள். உண்மையாக நம்புகிறவர் தயங்காமல் கையெழுத்திடுவார். பழைய சரக்கு விஷயத்தில், விற்றவர் ஒப்பந்தம் போட்ட தேதியையும் அவர் பேய் மாதம் என்று சொன்ன தேதியையும் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட நாட்களில் லாங் சொன்னில் அன்னாசிப்பூ விலை எவ்வளவு ஏறியது என்று விசாரித்துப் பாருங்கள். ஏறியிருந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள், கடிதத்தை வியட்நாம் மொழியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பட்டை, அன்னாசிப்பூ வணிகர் ஒருவர்
ஹனோய்